நால்வர் செய்த பாவம்

டோட்டா 2 ஆட்டத்தை அணிக்கு ஐந்து பேராகச் சேர்ந்து ஆட வேண்டும் என்பது விதி. வால்வ் நிறுவனம் 2013இல் அதை முறையாக வெளியிட்டபோதும் அப்படித்தான். அதற்குப் பத்தாண்டு முன்பு, வார்கிராஃப்ட் 3 ஆட்டத்துக்கு ரசிகர்கள் போட்ட ஒரு வரைபடமாக அது பிறந்தபோதும் அப்படித்தான். இந்த விதியை ஒரு யோசனை என்ற அளவில் மட்டும் ஏற்றுக்கொண்டு, ஆண்டுக்கணக்காகத் தன்னந்தனியாகவே ஆடிவரும் பெருமகன் ஒருவரை எனக்குத் தெரியும். நீங்கள் ஆடுகிறவர் என்றால் உங்களுக்கும் தெரியும். பெயர் மாறும், படம் மாறும். நமக்கு வாய்க்கும் நால்வரில் ஒருவராக எப்படியும் வந்து சேர்ந்துவிடுவார். இத்தனை தொண்டாற்றியும் அவருக்கு ஒரு சால்வைகூட யாரும் போர்த்தவில்லை. அந்தக் குறையை என்னால் முடிந்த மட்டும் தீர்க்கிறேன்.

முதலில் அவருடைய தேர்வுத் திறன். டோட்டாவில் 120க்கு மேல் ஹீரோக்கள் இருக்கிறார்கள். சாதாரண ஆட்டக்காரன் அந்தப் பட்டியலைப் பார்த்தே மலைத்துப்போவான். எதிரியை ஓடவிடாமல் பிடித்து நிறுத்த நம் அணியில் ஆள் உண்டா, டவர் இடிக்க ஆள் உண்டா, எதிரி என்ன எடுத்திருக்கிறான், நாம் எடுப்பதை அவன் எதைக்கொண்டு அடிப்பான் என்றெல்லாம் கணக்குப் போட்டுக் குழம்புவான். தரவரிசை ஆட்டத்தில் தேர்வு ஒரே மூச்சில் முடிவதில்லை, சுற்றுச் சுற்றாக நடக்கும். அதனால் துணைக்கு நின்று சப்போர்ட் ஆடுகிறவர்கள் முதலில் எடுத்துவிட்டு, கடைசி இடத்தை மிட்டுக்கோ கேரிக்கோ விட்டுவைப்பது வழக்கம். அணியின் தங்கத்தில் பெரும்பங்கைத் தின்று வளரப்போகிற ஹீரோவை எதிரி கடைசிவரை பார்க்கக்கூடாது என்ற சின்ன புத்தி அது. நம்மவரிடம் இந்த ஒளிவுமறைவே கிடையாது. முதல் சுற்று திறந்ததும் தன் கேரியை எடுத்து நடுச்சபையில் நிறுத்திவிடுவார். எதிரிக்கு யோசிக்க வேண்டிய அவகாசத்தைத் தாராளமாகக் கொடுத்துவிட்டுத்தான் போருக்கே கிளம்புவார். முரசறைந்து அறிவித்துவிட்டுப் படையெடுத்த மன்னர்களுக்குப் பிறகு இப்படி ஓர் அறப்போர் வீரரைப் பார்ப்பது அரிது.

அந்த அறத்துக்கு ஒரு சான்று. அண்மையில் ஓர் ஆட்டத்தில் அவர் கேரி, நான் ஐந்தாம் இடத்துச் சப்போர்ட். அதாவது வார்டு வாங்குகிறவன், அடி வாங்குகிறவன், கடைசியில் பேச்சும் வாங்குகிறவன். முதல் சுற்றிலேயே பேன்டம் லான்சரை எடுத்தார். தன்னைப் போலவே நிழலுருவங்களை உண்டாக்கிக் கூட்டமாக வந்து அடிக்கிற ஹீரோ அது. எதிரணி அடுத்த சுற்றில் நிதானமாக எர்த்ஷேக்கரை எடுத்தது. எர்த்ஷேக்கரின் ஈக்கோ ஸ்லாம் எப்படிப்பட்டது என்றால், சுற்றி நிற்கும் எதிரி உருவம் ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் அதிர்வு எழுந்து பக்கத்தில் நிற்கிறவர்களைத் தாக்கும். உருவம் நிஜமா நிழலா என்று அது விசாரிப்பதில்லை. கூட்டம் பெருகப் பெருக அடியும் பெருகும்.

“ப்ரோ, எர்த்ஷேக்கர் எடுத்துட்டான். பாத்துக்கோங்க” என்று எழுதினேன்.

“ஐ நோ” என்று பதில் வந்தது.

தெரியாமல் செய்கிறவர்களை மன்னிக்கலாம். தெரிந்தே செய்கிறவர்களை வணங்கத்தான் வேண்டும். இருபது நிமிடம் கடந்து ஆற்றங்கரையில் சண்டை மூண்டது. அவர் தம் நிழல் பரிவாரத்தோடு எங்கள் நடுவில் வந்து நின்றார். பிளிங்க் டேகரில் தாவி வந்த எர்த்ஷேக்கர் ஒரே ஒரு பொத்தானை அழுத்தினான். எங்கள் மேல் விழுந்த அடியில் முக்கால் பங்கு எங்கள் கேரியின் நிழல்கள் அளித்த நன்கொடை. நாங்கள் நால்வரும் விழுந்தோம், அவரும் விழுந்தார். விழுந்த சூட்டோடு அவர் எழுதியது இரண்டே சொல்: “வேர் வார்டு?” நான் வைத்த வார்டு அவர் செத்து விழுந்த மேட்டின்மேல்தான் இருந்தது. எர்த்ஷேக்கர் மரத்துக்குப் பின்னால் காத்து நின்றதை அரை நிமிடமாகச் சின்ன வரைபடத்தில் அது காட்டிக்கொண்டும் இருந்தது. அவ்வளவு சிறிய படத்தையெல்லாம் குனிந்து பார்க்கிற வழக்கம் அவருக்கில்லை. நேர்கொண்ட பார்வை.

வார்டு என்றதும் அவருடைய சிக்கனம் நினைவுக்கு வருகிறது. எதிரி நடமாட்டத்தைக் காட்டும் அப்சர்வர் வார்டு ஒரு காலத்தில் காசு கொடுத்து வாங்க வேண்டிய பொருள். பிறகு அதைக் கடையில் இலவசமாகவே கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். ஒன்றை நட்டால் ஆறு நிமிடம் கண் திறந்திருக்கும். இலவசமாகக் கொடுத்தும் அவர் ஒன்றைக்கூடத் தொட்டதில்லை. அரசாங்கம் தந்தாலும் ஆட்டம் தந்தாலும் இலவசத்துக்குக் கை நீட்டாத தன்மானம் தமிழ்நாட்டில் இன்னும் யாரிடமாவது மிச்சமிருக்கிறது என்றால் இவரிடம்தான்.

அடுத்து அவருடைய கல்வி. திறமையை வளர்த்துக்கொள்ள அவர் எடுக்கும் பாடு கொஞ்சமல்ல. இரவு இரண்டு மணிவரை யூடியூப் பார்க்கிறார். நல்ல அறிவுரை எதையும் தள்ளுவதில்லை. எல்லாவற்றிலும் சரியாகப் பாதியை எடுத்துக்கொள்வார். ஏறும் எண்ணம் உள்ளவன் இரண்டு மூன்று ஹீரோக்களை மட்டும் எடுத்து ஆழமாகப் பழக வேண்டும் என்று தேர்ந்த ஆட்டக்காரர்கள் சொல்வார்கள். ஹீரோவை மாற்றிக்கொண்டே இருந்தால் கை அதன் சூட்சுமத்தைத் தேடிக்கொண்டிருக்கும், கண் களத்துக்குப் போகாது. ஒன்றிரண்டு ஹீரோக்கள் கைக்குப் பழகிவிட்டால், எதிரி எங்கே, குகைப் பூதம் ரோஷன் எப்போது எழும், எந்தப் பாதை, அதாவது லேன், தள்ளப்பட்டிருக்கிறது என்று மனம் வெளியே பார்க்கத் தொடங்கும். அதுதான் அந்த அறிவுரையின் உட்பொருள். அவர் ஹீரோக்களைக் குறைத்துக்கொண்டார். ஆழமாகப் பழகுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறார். ஆயிரம் ஆட்டமாக அந்தப் ‘பிறகு’ இன்னும் வரவில்லை.

2013இல் சியாட்டிலில் நடந்த தி இன்டர்நேஷனல் போட்டியில் நாவி அணியின் டென்டி, டோங்ஃபூ அணிக்கு எதிராகப் பட்ஜ் ஹீரோவை வைத்து ஆடிய ஆட்டத்தை அவர் மனப்பாடமாகச் சொல்வார். எதிரியைக் கொக்கி போட்டு இழுத்து நேரே தன் அணியின் ஊற்றடியில், எவனும் பிழைக்க முடியாத இடத்தில், கொண்டுபோய்ப் போட்டார் டென்டி. அந்த வித்தைக்கு இரண்டு பேர் வேண்டும். அதே அணியின் பப்பி, சென் ஹீரோவை வைத்துக்கொண்டு, பட்ஜையே ஊற்றடிக்கு அனுப்பும் மந்திரத்தை முன்கூட்டியே போட்டுவைப்பார். கொக்கி எதிரியைக் கவ்வும் கணமும் மந்திரம் பலிக்கும் கணமும் ஒன்றாக விழ வேண்டும். விழுந்தால் கொக்கியில் மாட்டியவனும் கூடவே ஊருக்கு வந்து சேர்வான். எத்தனை மணிநேரம் இருவரும் சேர்ந்து பழகியிருப்பார்கள்! பின்னால் வால்வே இந்த வழியை அடைத்துவிட்டது. நம்மவர் அந்தக் காணொளியிலிருந்து பட்ஜை மட்டும் எடுத்துக்கொண்டார். பப்பி அவர் கண்ணில் படவில்லை. இன்றுவரை மரத்துக்குப் பின்னால் நின்று இருட்டைப் பார்த்துக் கொக்கி வீசுகிறார். பத்தில் ஒன்று மாட்டும். மாட்டுவது பெரும்பாலும் எதிரணியின் தடியன். நேரே எங்கள் நடுவில் வந்து இறங்கிச் சண்டையைத் தொடங்கிவைப்பான். விருந்தாளியை வாசலில் நிற்கவைக்காத வீடு எங்களுடையது.

2019இல் அதே போட்டி ஷாங்காயில் நடந்தபோது ஓஜி அணி கோப்பை வென்றது. மொத்தப் பரிசு 3 கோடியே 40 லட்சம் டாலருக்கு மேல். அந்தப் போட்டியில் ஓஜியின் ஆனா, சப்போர்ட் ஹீரோ என்று எல்லாரும் முத்திரை குத்தி ஓரமாக வைத்திருந்த ஐஓவைக் கேரியாக ஆடிக் காட்டினார். பேந்தப் பேந்த விழித்தது எதிரணி. ஐஓ என்பது இன்னொருவனோடு தன்னைக் கயிற்றால் பிணைத்துக்கொண்டு ஆடுகிற ஒளியுருண்டை. அதைக் கேரியாக்க வேண்டுமானால் மற்ற நால்வரும் தங்கள் ஆட்டத்தை அதைச் சுற்றியே கட்ட வேண்டும், ஓஜி கட்டியது. கோப்பை வென்ற ஈரம் காய்வதற்குள் நம்மவரும் ஐஓவை எடுத்தார். கயிற்றை யார்மேல் போடுவது என்று கடைசிவரை அவர் முடிவுசெய்யவில்லை. ஆனாவுக்கு நான்கு பேர் துணை தேவைப்பட்டது, இவருக்குத் தேவைப்படவில்லை. பெரியவர் யார் என்பதை நீங்களே சொல்லுங்கள்.

பொருள் வாங்குவதிலும் ஒரு கட்டுப்பாடு உண்டு. டோர்ட் டி லினி போன்றவர்கள் ஒவ்வொரு ஹீரோவுக்கும் எழுதிவைத்த வழிகாட்டிகள் ஆட்டத்துக்குள்ளேயே கிடைக்கின்றன. புதிதாக வருகிறவனுக்குக் கண்கண்ட தெய்வம் அவை. எதிரியைப் பார்த்து மாற்றிக்கொள்ளத்தான் அவற்றில் பல மாற்றுப் பொருள்களும் கொடுத்திருப்பார்கள். நம்மவர் அம்மா எழுதிக் கொடுத்த மளிகைச் சீட்டைப் போல முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வரிசை பிசகாமல் வாங்குவார். எதிரி ஐவரும் மந்திரத்தால் சுட்டுப் பொசுக்கிக்கொண்டிருக்கும்போது, மந்திரம் படாமல் காக்கும் பிளாக் கிங் பார் ஆறாவது வரியில் இருந்தால், ஆறாவது வரி வரும்வரை பொசுங்குவார்.

லாஸ்ட் ஹிட் என்று ஒன்று. லேனில் முப்பது நொடிக்கொரு முறை எதிரியின் சிப்பாய்களாக நான்கு க்ரீப்களாவது வரும். யார் கடைசி அடி அடித்துக் கொல்கிறாரோ அவருக்குத்தான் தங்கம். முதல் பத்து நிமிடத்தில் ஒரு லேனில் வருகிறவை மட்டும் எண்பதுக்குக் குறையாது. தனியாக ஒரு அறை திறந்து, எதிரியே இல்லாமல், இதை மட்டும் தினமும் கொஞ்ச நேரம் பழகினால் ஒரு மாதத்தில் ஆளே மாறிவிடலாம். இந்த ஆட்டத்தில் கைத்திறமை என்று சொல்லத்தக்கதில் பாதி இதுதான். நம்மவரின் க்ரீப் எண்ணிக்கை பத்தாவது நிமிடத்தில் முப்பதைத் தாண்டினால் அன்றைக்கு அவர் ஏதோ கோபத்தில் இருக்கிறார் என்று பொருள். மற்ற ஐம்பதும் உயிரோடு டவர்வரை நடந்து, டவர் கையால் சாகும். தன் கையில் ரத்தக்கறை படக்கூடாது என்ற ஜீவகாருண்யம்.

ஆடி முடித்த ஒவ்வோர் ஆட்டத்தையும் ரீப்ளேயாகத் தரவிறக்கிப் பார்க்கும் வசதி டோட்டாவில் இருக்கிறது. யார் கண்வழியாக வேண்டுமானாலும் பார்க்கலாம். எதிரி நம்மைக் கொல்ல எங்கிருந்து கிளம்பினான், அப்போது நாம் எதைப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்பதை நொடி நொடியாக நிறுத்திப் பார்க்கலாம். பயிற்சியாளர்கள் முதலில் சொல்வதும் இதைத்தான்: நீ செத்த இடங்களை மட்டும் பார், ஒவ்வொரு சாவுக்கும் பத்து நொடி முன்னால் போய்ப் பார். அவர் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. தன் ஆட்டத்தைத் தானே திரும்பப் பார்த்து ரசிக்கிற அகந்தை அவருக்கு இல்லாததே காரணம். பார்த்திருந்தால் வரைபடம் மாறியதாவது தெரிந்திருக்கும்: 2023 ஏப்ரலில் வந்த 7.33 பதிப்பு வரைபடத்தையே 40 சதவீதம் பெரிதாக்கியது. புது இடங்கள் வந்தன, ரோஷன் குகையே இடம் மாறியது. பழைய குகை இருந்த இடத்துக்குப் போய் அவர் நிற்பதை இப்போதும் காணலாம். வீடு மாறினாலும் பழைய தெருவை மறக்காத விசுவாசம் எல்லாருக்கும் வராது.

ரோஷன் என்றேனே. அவனை வீழ்த்தினால் கிடைக்கும் ஏஜிஸ், வைத்திருப்பவன் ஒருமுறை செத்தால் சில நொடியில் எழுப்பிவிடும். ஐந்து நிமிடத்தில் காலாவதியாகும். அணியே சேர்ந்து அடித்து வீழ்த்திய ரோஷனின் ஏஜிஸை அவர்தான் எடுப்பார். எடுத்ததும் தனியே எதிரியின் காட்டுக்குள் போவார். எல்லாரும் ஆட்டத்துக்கு ஓர் உயிர் கொடுப்பதற்கே யோசிக்கும்போது, ஒரே இடத்தில் இரண்டு உயிரை அடுத்தடுத்துக் கொடுப்பவர் அவர் ஒருவரே.

அழகுணர்ச்சியைச் சொல்லாவிட்டால் பாவம். கவசம், வாள், தோள்பட்டை, தீப்பொறி பறக்கும் காலடி என்று அவருடைய ஹீரோக்கள் அணிந்திருக்கும் அலங்காரப் பொருள்களுக்குக் கொட்டிய காசில் ஒரு நல்ல மவுஸும் கீபோர்டும் வாங்கி, மிச்சத்தில் இணைய இணைப்பையும் வேகமாக்கியிருக்கலாம். அந்த வாளில் ஒரு கீறல் இருக்காது. தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைப் பார்த்துப் பாராட்டிய ஔவையார் இதையும் ஒரு நடை பார்த்திருந்தால் நான் இவ்வளவு எழுத வேண்டியிருந்திருக்காது.

ஓப்பன்ஏஐ நிறுவனம் டோட்டா ஆட ஐந்து இயந்திரங்களைப் பழக்கியது. பத்து மாதத்தில் அவை தங்களுக்குள் ஆடிய ஆட்டம் மனிதக் கணக்கில் சுமார் 45,000 ஆண்டு. 2019 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவில், அப்போது உலகச் சாம்பியனாக இருந்த ஓஜியை இரண்டுக்குச் சுழியம் என்று அவை தோற்கடித்தன. களத்தில் அனுமதித்தது 17 ஹீரோக்களை மட்டும்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த இயந்திரங்களுக்குள் ‘அணி உணர்வு’ என்று பெயரிட்ட ஓர் எண்ணை வைத்திருந்தார்கள். அது சுழியமாக இருந்தால் ஒவ்வோர் இயந்திரமும் தன் லாபத்தை மட்டும் பார்க்கும். ஒன்றாக இருந்தால் ஐவரின் லாபத்தையும் தன்னுடையதாகவே எண்ணும். குறைவாகத் தொடங்கி, பழகப் பழக அந்த எண்ணை உயர்த்திக்கொண்டே போனார்கள். தொடக்கத்தில் தானாக ஒரு க்ரீப் அடிக்கவாவது கற்க வேண்டும், அதனால் சுயநலம்; கற்றபின் அது எதற்கு? நம்மவர் இத்தனை ஆண்டில் அந்த எண்ணை ஒரு புள்ளிகூட அசையவிடவில்லை. 45,000 ஆண்டு ஆடிய இயந்திரமே கொள்கை மாறிவிட்டது. இவர் மாறவில்லை.

தோல்விக்குப் பொறுப்பை அவர் ஏற்பதேயில்லை என்று சிலர் புறம் பேசுகிறார்கள். அவர்கள் அவருடைய கணிதத்தை அறியாதவர்கள். ஆட்டத்தின் தரவரிசைப் புள்ளி ஹீரோவைப் பார்ப்பதில்லை, எத்தனை பேரைக் கொன்றாய் என்றும் கேட்பதில்லை. அணி வென்றால் சுமார் 25 ஏறும், தோற்றால் சுமார் 25 இறங்கும். ஆயிரக்கணக்கான ஆட்டங்களில் அவருக்கு வாய்த்த நால்வர் ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஆள்கள். மணிலாவில் ஒருவன், ஜகார்த்தாவில் ஒருவன், கோயம்புத்தூரில் ஒருவன். அத்தனை பேரும் சேர்ந்து ஒரே மாதிரி தவறு செய்து அவரை ஒரே தரவரிசையில் நிறுத்திவைத்திருக்கிறார்கள். நாடு கடந்த சதி. சலித்துப்போய் ஒருமுறை தன்னைவிட மிக உயர்ந்த தரத்திலிருந்த கணக்கு ஒன்றை யாரிடமோ விலைக்கு வாங்கினார். இரண்டு மாதத்தில் அதையும் தன் தரத்துக்கே கொண்டுவந்துவிட்டார். வால்வ் 2023 செப்டம்பரில் 90,000 மாற்றுக் கணக்குகளை மொத்தமாகத் தடைசெய்தபோது அது அதில் போயிற்றா என்று விசாரித்தேன். அதற்குள் அது யாருக்கும் தொல்லை தராத உயரத்துக்கு இறங்கியிருந்ததாம்.

ஒரு துறையில் மட்டும் அவருடைய வளர்ச்சி கண்கூடு. சிங்கப்பூர் சர்வரில் ஆடி ஆடி டகாலோக் மொழியில் தாயார் தொடங்கித் தாத்தாவரை வைதுதீர்க்கும் அளவுக்குத் தேர்ந்திருக்கிறார். ருஷ்ய மொழியிலும் நான்கைந்து சொல் வரும். லேன் தோற்கும்போது ஆங்கிலம், டவர் விழும்போது டகாலோக், தமிழன்தான் சப்போர்ட் என்று தெரிந்துவிட்டால் மைக்கைப் போட்டுச் செந்தமிழ். “டேய் சப்போர்ட்டு, செத்துட்டியா?” என்று ஒருநாள் கேட்டார். ஆமாம் என்றேன். தன்னைக் காப்பாற்றத்தான் செத்தேன் என்பது அவருக்குத் தெரிந்திருந்தால் சங்கடப்பட்டிருப்பார். சொல்லாமல் விட்டேன்.

இந்த ஆட்டத்திலேயே வஞ்சப்புகழ்ச்சிக்கென்று ஒரு பொத்தான் இருப்பதைப் பலர் கவனித்திருக்கமாட்டார்கள். நன்றாக ஆடியவருக்கு ‘டிப்’ கொடுக்கலாம். இன்னார் இன்னாருக்கு டிப் கொடுத்தார் என்று பத்துப் பேர் திரையிலும் அது தோன்றும். நல்லெண்ணத்தில் வைத்த ஏற்பாடு. ஒருவன் அசட்டுத்தனமாகச் செத்ததும் எதிரணி அதை அழுத்துவதே இன்று அதன் பெரும்பயன். அன்றைய ஈக்கோ ஸ்லாமுக்குப் பிறகு எதிரணியிலிருந்து நான்கு டிப் வரிசையாக வந்தன, எர்த்ஷேக்கரிடமிருந்து ஒன்று தனியாக. அவர் மகிழ்ச்சியோடு எதிரணிக்கு எழுதினார்: “தேங்க்ஸ். மை டீம் நூப்.”

ஆட்டம் முடிந்ததும், இவரோடு இனி ஒரே அணியில் சேர்க்காதே என்று ஒருவரைக் குறித்துவைக்கும் வசதியும் இருக்கிறது. அவரோடு ஆடியவர்கள் எல்லாரும் அவரைக் குறித்துவைத்திருக்கிறார்கள். எதிரணியாக வந்தவர்கள் மட்டும் யாரும் அப்படிச் செய்யவில்லை. இன்னொரு முறை எதிரே வரமாட்டாரா என்று பலர் ஏங்குவதாகவும் கேள்வி. இப்போதெல்லாம் அவருக்கு ஆட்டம் கிடைக்க நெடுநேரம் காத்திருக்க வேண்டியிருக்கிறது. தன் தரத்துக்கு ஈடான ஆள்கள் உலகத்தில் குறைந்துவிட்டதாக அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். அந்த நேரத்தையும் வீணாக்குவதில்லை, இன்னொரு ஆனா காணொளியைப் போட்டுப் பார்க்கிறார்.